யானை பார்க்கப் போன இடத்தில்

எங்கள் ஊர் தேவர்சோலை. அங்கே வாழைத் தோட்டத்துக்குள் யானை வந்துவிட்டால் யாரும் யோசிப்பதில்லை. கையில் கிடைத்த சாப்பாட்டுத் தட்டை எடுத்துச் சத்தம் வர அடித்து விரட்டுவோம்.

கென்யாவில் டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் மகன், போன வருடம் எங்களை வரவழைத்து, அங்குள்ள தேசியப் பூங்கா விடுதி ஒன்றில் தங்கவைத்தான். முதல் நாள் காலை வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசைகளில் வெள்ளைக்காரர்கள் கேமராவும் கையுமாகப் பேச்சுமூச்சில்லாமல் காத்திருந்தார்கள். புதருக்குள்ளிருந்து ஒரு கொம்பன் யானை தண்ணீர் குடிக்க வந்தது.

நான் செய்தது எனக்கே அப்புறம்தான் உறைத்தது. பிஸ்கட்டைக் கொட்டிவிட்டு, எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடி அடியென்று அடித்திருக்கிறேன். யானை காதை விரித்து என்னைப் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டது.

"ஏம்புள்ள, கடல் தாண்டி வந்தது இதை முடுக்கி உடறதுக்கா?" என்றார் வீட்டுக்காரர்.

"கை தானாப் போயிருச்சுங்க."

கேமராக்காரர்கள் முறைத்தார்கள். எனக்கும் கோபம்தான். குலை தள்ளிய வாழை ஒரே ராத்திரியில் போயிருந்தால் தெரியும் இவர்களுக்கு.

டீ பரிமாறியவர் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர்கள் சோளக்காட்டுக்கு யானை வந்தால் அவருடைய அம்மாவும் தகரத்தைத் தட்டுவாராம். ஆனால் இவ்வளவு பலமாக இல்லையாம். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாள் எல்லோருக்கும் எவர்சில்வர் தட்டில் பிஸ்கட் வந்தது. எனக்கு மட்டும் காகிதத் தட்டு. கரண்டியும் இல்லை.