மோட்டாரும் என் கெண்டைக்காலும்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தது ஐந்து பேர்: டாக்டரம்மா, நர்ஸ், நான், என் வீட்டுக்காரர், துணைக்கு வந்த பக்கத்து வீட்டு அக்காள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

ஒரு வாரமாகச் சாயங்காலமானால் என் கணுக்கால் இரண்டும் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும், விடிந்தால் வடிந்திருக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இருதயம் கெட்டுவிட்டது என்று நானே முடிவு செய்துவிட்டேன். எங்கள் ஊர் கொட்டாரத்தில் வீட்டில் இருந்து நான் தைக்கிற தையலில்தான் பிள்ளைகளின் படிப்பு நடக்கிறது. நான் படுத்துவிட்டால் அவ்வளவுதான்.

டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் பார்த்தார். "இருதயம் நல்லா இருக்கு. என்ன வேலை செய்றீங்க?"

"தையல்."

"காலால மிதிக்கிற மிஷினா?"

"இருவது வருசம் மிதிச்சேன். இப்பம் மூணு மாசமா மோட்டாராக்கும்."

வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாந்தான் வாங்கிக் குடுத்தேன் டாக்டரே, தவணைக்கு. கால் வலிக்கு, கால் வலிக்குன்னு ஒரே புலம்பல்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். இருதயம் ரத்தத்தைப் பாதம் வரை தள்ளிவிடுமாம். அது திரும்பி மேலே ஏறக் கெண்டைக்கால் சதை பிழிந்து கொடுக்க வேண்டுமாம். ஏறிய ரத்தம் இறங்காமலிருக்க ரத்தக் குழாய்க்குள் குட்டிக் குட்டிக் கதவுகளும் உண்டாம். காலை அசைக்காமல் தொங்கப் போட்டால் கீழேயே தேங்கி வீங்கும். "கெண்டைக்கால் ரெண்டாவது இருதயம் மாதிரிம்மா."

"ரெண்டா? ஒண்ணை வச்சே இவ என்னை இந்தப் பாடு படுத்துதா!" என்றார் வீட்டுக்காரர்.

"நீ பேசாம இரி மக்கா," என்றாள் அக்காள். "உனக்க மோட்டாருதான் வினை."

"அப்பம் நான் சாவ மாட்டேனா டாக்டர்?"

"இந்த வீக்கத்தால சாவ மாட்டீங்க. ஆனா ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே வரணும்."

அதை அளவு நோட்டில், ஒரு ஜாக்கெட் அளவுக்குக் கீழே எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மோட்டாரைக் கழற்றி, பழைய தோல் பெல்ட்டைச் சக்கரத்தில் மாட்டினோம். அரை மணிக்கொரு தடவை எழுந்து முற்றத்தில் நடக்கிறேன். படுக்கும்போது காலுக்கடியில் தலையணை. பால் பொங்குகிற வரை குதிகாலைத் தூக்கி இறக்குகிறேன். அக்காளும் என்னோடு சேர்ந்துகொண்டாள். ஒரு நாள் மதிலுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாக எழும்பி எழும்பித் தாழ்வதைப் பார்த்து மீன்காரி கேட்டாள்: "யாரை மக்கா ரெண்டு பேரும் எட்டி எட்டிப் பாக்குதிய?"

பத்து நாளில் வீக்கம் வடிந்தது. இருந்தாலும் தினமும் சாயங்காலம் அழுத்திப் பார்ப்பேன். குழி விழாது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை அழுத்துவேன்.

கடைக்காரர் மோட்டாரைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அது பழைய சேலைக்குள் அலமாரி மேல் இருக்கிறது. தவணையில் இன்னும் ஆயிரத்து இருநூறு ரூபாய் பாக்கி.