இன்று காலை பத்தரை மணி முதல் தெரிந்தவன்

முன்னாள் எம்.எல்.ஏ. சென்னப்பா காலமானார். நேற்று மதியம், ஓசூரில், மகள் வீட்டில்.

வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பாமல், மூன்று பேருக்கு போன் போட்டு விசாரித்த பிறகே இதை எழுதுகிறேன். அவராக இருந்தால் ஐந்து பேரிடம் விசாரித்திருப்பார்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் பெயர் தெரிந்திருக்காது... எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தொகுதியில் ஒரே ஒரு முறை ஜெயித்தவர். அவருடைய கட்சியின் பெயர் இன்று அந்தக் கட்சிக்காவது நினைவிருக்குமா என்பது சந்தேகம்.

அரசாங்கம் செலவைக் குறைக்க வேண்டும், வியாபாரியை ஃபாரம், லைசென்ஸ் என்று படுத்தக் கூடாது, நாட்டின் பாதுகாப்பு என்று வந்துவிட்டால் யாரையும் நம்பக் கூடாது. அவர் கொள்கை அவ்வளவுதான்.

அஞ்செட்டிப் பக்கம் ஒரு தடுப்பணை கட்டவைத்தார். பெயர் பொறிக்க வாங்கி வைத்திருந்த கல்லையும் அணையிலேயே வைத்துக் கட்டச் சொல்லிவிட்டார். அணை இருக்கிறது. யார் கட்டியது என்று கேட்டால், அடுத்து வந்த எம்.எல்.ஏ.வின் பெயரைச் சொல்கிறார்கள்.

கர்நாடக எல்லை செக்போஸ்ட்டில் ராகி மூட்டையை இறக்கிச் சோதிப்பதைப் பார்த்தால் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய்ச் சண்டை போடுவார். "மூட்டைய விடுங்கய்யா. ஆளப் பாருங்க."

எல்லைப் பகுதியில் கண்காணிப்பு போதாது என்று சட்டசபையில் ஒருமுறை பேசினார். கர்நாடகத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்துப் பலரும் மேசையைத் தட்டினார்களாம். அவர் சொன்னது சீனாவை. கர்நாடகத்து ஆனேக்கல்லில் பெண் எடுத்தவர் அவர்.

என் கதைக்கு வருகிறேன்.

தொழிற்பேட்டையில் அப்போது ஒரு புது ஃபாக்டரி. உள்ளே செய்யும் பாகம் ராணுவத்துக்குப் போவது பரம ரகசியம் என்பதால், வாசல் டீக்கடையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு அங்கே லேத் ஓட்டும் டர்னர் வேலை உறுதியாகியிருந்தது. நாட்றாம்பாளையத்தில் எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கப்போகும் முதல் ஆள் நான். எம்.எல்.ஏ.விடம் நன்னடத்தைக்கு ஒரு கான்டக்ட் சர்டிபிகேட் வாங்குவது மட்டும்தான் பாக்கி.

டைப் செய்தே எடுத்துப் போனேன். "இவரைக் கடந்த ஐந்து ஆண்டுகளாக நன்கு அறிவேன்." ஊர் ஊருக்குப் படிக்காமலே கையெழுத்துப் போடப்படும் வாக்கியம்... இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"ஏம்ப்பா, உன்னை எனக்கு அஞ்சு வருசமாத் தெரியுமா?"

"இல்லீங்கய்யா. எல்லாருக்கும் இப்பிடித்தான் எழுதிக் குடுக்கறாங்க."

"அப்ப எல்லாரும் பொய் சொல்றாங்கன்னு நீயே ஒத்துக்கற."

கன்னடத்தில் ஊரைக் கேட்டார், தெலுங்கில் அப்பா பெயரைக் கேட்டார். அந்தந்த பாஷையிலேயே பதில் சொன்னேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

"மூணு பாசை பேசற. யாருக்காகக் கத்துக்கிட்ட?"

மாடு வாங்க என்றேன். ஓசூர் சந்தையில் மூன்றும் வேண்டும். கேட்டவரும் அந்த மூன்றிலும் ஓட்டுக் கேட்டு ஜெயித்தவர்தான். வேலை வேண்டுமே... அதனால் அதை நான் சொல்லவில்லை.

டைப் செய்திருந்ததை அடித்துவிட்டுக் கையால் எழுதினார். "இவரை இன்று காலை பத்தரை மணி முதல் அறிவேன். அதற்குள் தவறு ஏதும் செய்யவில்லை." கீழே கையெழுத்து, சீல்.

ஃபாக்டரியின் செக்யூரிட்டி ஆபீசர் அதை இரண்டு முறை படித்தார். ஐந்து வருடமாக அறியப்பட்டவர்கள் எல்லோரும் அன்றே உள்ளே போனார்கள். என்னைப் பற்றி விசாரிக்கும்படி போலீசுக்கு எழுதினார்கள்.

எங்கள் ஊருக்கு ஜீப் வந்தது. காட்டோரத்தில் ஜீப் வந்தால் விறகு வெட்டிய கேஸ் என்று அர்த்தம். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, அப்படி ஒருத்தன் இங்கே கிடையவே கிடையாது என்று ஊரே ஒரு குரலில் சொல்லிவிட்டது. அப்பா உட்பட.

ஃபைலில் நான் இல்லாத ஆள் ஆனேன்.

சென்னப்பாவிடம் சண்டை போடத்தான் போனேன். வாயைத் திறந்ததும் அழுதுவிட்டேன். மறுநாள் காலை என்னோடு பஸ் ஏறினார். ஜீப் கேட்டால் அரசாங்கத்துக்கு டீசல் செலவு... அஞ்செட்டியில் அடுத்த பஸ்ஸுக்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

இந்த முறை ஊரில் எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. நம்ம பையன்தாங்க, தங்கமான பையனுங்க என்றார்கள். போன வாரம் தெரியாதவனைப் பற்றி இந்த வாரம் இவ்வளவு தெரியுமா என்று கேட்டார். அவர் ஒருவரையும் நம்பவில்லை, அப்பாவையும்தான்.

எங்கள் வீட்டு நாய் அவரைப் பார்த்துக் குரைத்தது. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து காலடியில் புரண்டது.

நின்று பார்த்தார். "இது ஒண்ணுதான் பேச்ச மாத்தல."

அங்கேயே இரண்டாவது சர்டிபிகேட் எழுதினார். நான் அந்த ஊர்க்காரன்தான் என்பதை நேரில் வந்து உறுதி செய்துகொண்டதாக. சாட்சி யார் என்று குறிப்பிடவில்லை.

வேலை கிடைத்தது. இருபத்தாறு வருடம் பார்த்தேன்.

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். சில மாதம் கழித்து ஓசூர் பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்றிருந்தவரிடம் போய் வணக்கம் சொன்னேன். பதில் வணக்கத்துக்கு முன்னால் கேள்வி வந்தது.

"எனக்கு ஓட்டுப் போட்டியா?"

"அது ரகசியங்கய்யா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். சரியான பதில் என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனார்.

போட்டேன், ஐயா. அன்றைக்கே சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டீர்கள்.

போய் வாருங்கள்.