பெங் மேடம் மேசையில் வைத்த பெயர்

எங்கள் நகராட்சியின் நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரி பெங் யூரோங்குக்குச் சட்டம் தெரியும். அதைவிட நன்றாகச் செய்திக்காரர்களைத் தெரியும். நான் கேபிள் செய்திக்குக் கேமரா தூக்குகிறவன். பன்னிரண்டு வருடம் அவர் பின்னால் ஓடியவன் என்பதால் அடித்துச் சொல்வேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், திடீரென்று மூடிவிட்ட ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஏழு நோட்டீஸ் அனுப்பினார். ஏழும் கிணற்றில் போட்ட கல். எட்டாவது எழுதாமல் எங்களைக் கூப்பிட்டார். சந்தா கட்டி ஏமாந்த பெண்களை, பூட்டிய கதவுக்கு முன்னால் யோகா பாயோடு உட்காரவைத்தார். மதியச் செய்தி முடிவதற்குள் முதலாளியே போனில் வந்துவிட்டான்.

அன்றிலிருந்து அவர் முறையே தனி. பத்தரைக்குத்தான் செய்தியாளர் கூட்டம் வைப்பார், அப்போதுதான் மதியச் செய்திக்கு ஆகும். நீள மேசையில் சோதனையில் தேறாத பொருள்களைப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் விற்றவர் பெயர்ப் பலகையை நிறுத்துவார். ஒருமுறை ஹெல்மெட்டைச் சுத்தியலால் அடித்தார், முட்டை ஓடுபோல் நொறுங்கியது. மறுநாள் அந்த ரகம் ஊரில் ஒரு கடையிலும் இல்லை.

"படம் இல்லேன்னா வழக்கே இல்ல, தம்பி" என்பார் என்னிடம்.

படத்தால்தான் போன சிங்மிங் பண்டிகையில் மாட்டிக்கொண்டார். அன்று முன்னோர் கல்லறையைக் கூட்டிவிட்டு, மெல்லிய ரொட்டியில் காய்கறி வைத்து ருன்பிங் சுற்றிச் சாப்பிடாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. அதனால் வருடாவருடம் பண்டிகைக்கு முன் ருன்பிங் ரொட்டிக் கடைகளில் சோதனைக்கு மாதிரி எடுப்பார்கள். எடுத்தது ஐந்து கடையில். எங்களை அழைத்துப்போனது ஒரே கடைக்கு, சந்தை முனையில் இருக்கும் லாய் அக்கா கடைக்கு. காரணம் வெட்கக்கேடானது. அங்கேதான் வரிசை நீளம். மூன்று சூட்டுக்கல், புகை, கையில் மாவு உருண்டையைத் துள்ளவிட்டு அக்கா ஒரே இழுப்பில் ரொட்டி போடும் அழகு. எல்லாவற்றையும் நான் ஆசை ஆசையாகப் படம் பிடித்தேன்.

பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு முடிவு வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடை ஒன்றில் போடக்கூடாத வெளுப்பு மருந்து. பெங் மேடம் அந்தக் கடையின் பெயரைத்தான் வாசித்தார். ஆனால் எந்தச் சேனலிடமும் அந்தக் கடையின் படம் இல்லை. அன்று நான் எடுத்து மற்றச் சேனல்களுக்கும் அனுப்பிய படம்தான் எல்லாரிடமும் இருந்தது. மதியம் முழுக்க 'நச்சு ரொட்டி' என்ற எழுத்துக்கு மேல் லாய் அக்காவின் கை ஓடிக்கொண்டிருந்தது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

மறுநாள் காலை அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். ஏப்ரனில் மாவு காய்ந்திருந்தது.

"ஏம்மா, என் கடை தேறிச்சா தேறலையா?"

"தேறிடுச்சுக்கா. அறிக்கையில ரெண்டாவது பக்கத்துல..."

"ரெண்டாவது பக்கமா! என் வாடிக்கைக்காரங்க ரெண்டாவது பக்கத்தையா திங்கிறாங்க? விடிஞ்சதுலேருந்து ஒரு ஈ காக்கா வரல. வருஷத்துல இந்த ரெண்டு நாள்தான் எனக்குப் பொழப்பு. இது போச்சுன்னா கடைய மூட வேண்டியதுதான்."

அக்கா போனதும் பிரிவுத் தலைவர் ஊ, வலைத்தளத்தில் ஒரு வரி விளக்கம் போட்டால் போதும் என்றார்.

"தப்புன்னு நாமளே மைக்குல சொன்னோம்னா, நாளைக்கு எவன் நமக்கு பயப்படுவான்?"

"சார், போன வருஷம் அந்தச் சுற்றுலாக் கம்பெனிக்காரன் மூலைல பொடி எழுத்துல மன்னிப்பு போட்டான். அப்ப நாம என்ன சொன்னோம்? விளம்பரம் எவ்வளவு பெருசோ, திருத்தமும் அவ்வளவு பெருசா இருக்கணும்னோம். அது அவனுக்கு மட்டுந்தானா?"

"திருத்தத்துக்கு எந்த நிருபர் வருவான்? அதையும் சொல்லு."

ஊ சொன்னது நியாயம். திருத்தத்துக்கு நாங்கள் போகமாட்டோம். பெங் மேடம் எங்களுக்கெல்லாம் ஒரே வரி அனுப்பினார்: 'ரொட்டி விவகாரம். நாளை பத்தரைக்கு, சந்தை முனையில், தவறு செய்தவரின் பெயர் வெளியிடப்படும்.'

பதினான்கு கேமரா வந்தது. ஹெல்மெட்டுக்குக்கூட அத்தனை வரவில்லை.

லாய் அக்கா கடை வாசலில் அதே நீள மேசை. மேசையில் ரொட்டி இல்லை, பெயர்ப் பலகை ஒன்றுதான். அதைத் திருப்பினார். 'பெங் யூரோங், நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரி' என்றிருந்தது.

"இந்தக் கடை ரொட்டில ஒரு குறையும் இல்ல. வரிசை நீளமா இருந்தா படம் நல்லா வரும்னு உங்கள இங்க கூட்டிட்டு வந்தது நான். முடிவு வர்றதுக்கு முன்னாடி கேமராவ ஒரு கடைக்குள்ள விட்டது என் தப்பு. இனிமே விடமாட்டேன்." பிறகு வரிசைக்கு ஆளே இல்லாத கடையில் முதல் ஆளாகப் போய் நின்றார்.

மதியச் செய்தியில் எல்லாச் சேனலிலும் அதுதான். மூன்று மணிக்கு வரிசை சந்தையைத் தாண்டி மருந்துக்கடை வரை போனது. பெங் மேடத்துக்கு மேலிடத்திலிருந்து எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்தது. "இதுவாவது ஒரு பக்கத்துல முடிஞ்சுதே" என்று சிரித்தார். எனக்கு அவர்மேல் வந்த மரியாதையைச் சொல்லி மாளாது.

சிங்மிங் அன்று நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் லாய் அக்கா மாவு உருண்டையோடு கையை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்டா, அந்தப் படத்த எடுத்தவன் நீதானே? அன்னிக்கு மேசையில அந்தம்மா பேரு மட்டுந்தானே இருந்துச்சு?"

பதினான்கு கேமராவுக்குப் பின்னால் நின்ற ஒருவன்கூட அன்று தன் பெயரைச் சொல்லவில்லை. அக்கா ரொட்டியைச் சுற்றி என் கையில் வைத்து, "சூடா இருக்கு, தின்னு" என்றார்.

என் பெயர் ஹோங் ஜிதா. அந்தப் படத்தை எடுத்து எல்லாருக்கும் அனுப்பியவன் நான்தான்.