சோற்றுக்கு முன் ஒரு நிமிடம்

ஆண்டவருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, என் பெயர் ஞானசெல்வி. உப்பூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தின் அரசு நடுநிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். போன ஆடி மாதம், பிள்ளைகளோடு ஜெபம் செய்ததற்காக அந்த வேலை என் கையை விட்டுப் போகப் பார்த்தது. என் கணவர் பனையிலிருந்து விழுந்ததிலிருந்து நடமாட்டம் இல்லாமல் கிடக்கிறார். என் சம்பளம்தான் எங்கள் அடுப்பு.

நடந்தது இதுதான். மதியம் பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்காருவார்கள். சமையல்காரி முனியம்மா சோறும் சாம்பாரும் போட்டு முடிப்பாள். நான் முன்னால் நின்று, "கண்ண மூடுங்க" என்பேன். ஒரு நிமிடம் ஜெபிப்பேன். ஆமென் சொன்னதும் அவர்கள் சாப்பிடத் தொடங்குவார்கள், நான் பதிவேடு எழுத உள்ளே போய்விடுவேன். எல்லாம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். நம் சபைப் பிள்ளைகள் மூன்று பேர்தான். பல வருடமாக இப்படித்தான். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எங்கள் ஊரில் அழகர்சாமி என்கிற தம்பி எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கறுப்புச் சட்டைக்காரர். சாமி பேரை வைத்துக்கொண்டு சாமி இல்லை என்கிறாரே என்று ஊரே கேலி செய்யும், அவரும் சேர்ந்து சிரிப்பார். அவருடைய மகள் ஐந்தாம் வகுப்பில் இங்கே வந்து சேர்ந்தாள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அவர் எழுந்தார்.

"அரசாங்கப் பள்ளிக்கூடத்துல சோத்துக்கு முன்னால ஜெபம் எதுக்கு?"

"சாப்பாட்டுக்கு நன்றி சொல்றது தப்பா தம்பி?" என்றேன்.

"நன்றி சொல்லச் சொல்லுங்கக்கா. வெளைய வச்சவனுக்குச் சொல்லட்டும், வேகவச்ச முனியம்மாவுக்குச் சொல்லட்டும். ஒங்க சாமிக்கு ஏன் சொல்லணும்? நாளைக்கு வேற ஒருத்தர் அவுக சாமிக்குச் சொல்லச் சொல்வாக. அப்ப நீங்க ஒத்துக்கிருவீகளா?"

"நான் யாரையும் கட்டாயப்படுத்தலயே."

"பசியோட இருக்கிற பிள்ள முன்னால சோத்த வச்சிட்டுக் கண்ண மூடச் சொன்னா, எந்தப் பிள்ளக்கா மாட்டேங்கும்?"

கூட்டத்தில் இரண்டு பேர், "ஒரு நிமிசந்தானப்பா, விடு" என்றார்கள். அவர் விடவில்லை. ஒன்றிய அலுவலகத்துக்கு மனு எழுதிப் போட்டார். பத்து நாளில் என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. தலைமையாசிரியர் கூப்பிட்டு, "இனிமே வேண்டாம்மா. எனக்கும் சங்கடம், ஒங்களுக்கும் சங்கடம்" என்றார்.

சபையில் சிலர் விட்டுக்கொடுக்காதே என்றார்கள். சிலர் சம்பளத்தைப் பார் என்றார்கள். நான் ஜெபத்தை நிறுத்திவிட்டேன். பயத்தில்தான் நிறுத்தினேன். ஆண்டவரை மறுதலித்துவிட்டேனோ என்று ஒரு பக்கம் உறுத்தியது. அந்த மனிதர் கேட்டது நியாயம்தானோ என்று இன்னொரு பக்கம் உறுத்தியது. இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படி முழங்காலில் நிற்பது? ஆனாலும் நின்றேன். நான் ஜெபித்ததை மறைக்காமல் சொல்கிறேன். "ஆண்டவரே, அழகர்சாமியின் வாயை அடைத்துப்போடும். எனக்கு நியாயம் செய்யும்." இதைத்தான் அழுது அழுது கேட்டேன். முடிக்கும்போது வழக்கமாகச் சொல்கிற ஒரு வரி உண்டு, "பள்ளிப் பிள்ளைகளைக் காத்துக்கொள்ளும்" என்று. அதையும் சொன்னேன். பழக்கத்தில் வாய் சொன்னது, மனம் அதில் இல்லை.

ஜெபம் நின்ற நான்காம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின சாயங்காலத்திலிருந்து கரண்ட் இல்லை. முனியம்மா எப்போதும்போல் பரிமாறி முடித்தாள். தலைமையாசிரியர் சாப்பிடுங்கள் என்று சொன்னார். அந்த ஒரு நிமிடத்தில் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கை சும்மா தொங்கியது. உள்ளே போகவும் மனமில்லாமல் வரிசைகளுக்கு நடுவே நடந்தேன்.

முதல் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தட்டில் ஏதோ பளிச்சென்றது. உப்புக்கல்லோ என்று குனிந்தேன். எடுத்தேன். விரலில் ரத்தம் வந்தது. கண்ணாடி.

"யாரும் சோத்துல கை வைக்காதீக" என்று கத்தினேன். அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. அந்தப் பிள்ளை ஏற்கெனவே ஒரு வாய் வைத்துவிட்டாள். விரலை விட்டு வழித்துத் துப்ப வைத்தேன். நாக்கில் ஒரு சின்னக் கீறல், அவ்வளவுதான். மற்ற தட்டுகளைப் பார்த்தோம். இன்னும் நான்கில் இருந்தது. அண்டாவைக் கிளறினால் அடியிலும் இருந்தது. சமையல் கூடத்துக்கு ஓடி அண்ணாந்து பார்த்தோம். மேலே தொங்கிய பல்பில் கண்ணாடி இல்லை, மூடி மட்டும் இருந்தது. கஞ்சி வடித்து அண்டாவைத் திறந்து வைத்த நேரத்தில் உடைந்து விழுந்திருக்க வேண்டும். காற்றா, அணிலா, யாருக்கும் தெரியாது. கரண்ட் இல்லாததால் பல்பு போனதை யாரும் கவனிக்கவில்லை. முனியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சோற்றைக் குழி வெட்டிப் புதைத்தோம். முட்டை ஓட்டோடு தனியாக வெந்திருந்ததால் அதை உரித்துக் கொடுத்தோம். தலைமையாசிரியர் கடையில் பன் வாங்கி வந்தார்.

அது அழகர்சாமியின் மகள் தட்டாக இருந்தது என்று சொன்னால் சாட்சி இன்னும் நன்றாக இருக்கும். இல்லை. அவள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவள் தட்டில் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் அவர் பள்ளிக்கு வந்தார். மகள் சொல்லியிருக்கிறாள். என் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தபடி நின்றார்.

"கண்ணத் தொறந்து வச்சிருந்ததால பாத்தீகக்கா. மூடி ஜெபம் பண்ணியிருந்தா?"

"தொறந்து வச்சது யாரு தம்பி?" என்றேன்.

"நாந்தான். மனுப் போட்டது நான்தான."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஒங்களக் கொண்டு அவரு செஞ்சாரு" என்றேன்.

"சரி, அப்படியே வச்சுக்கிருவோம். காப்பாத்துனது அவருன்னா, பல்ப விழ வச்சது யாருக்கா?"

சகோதரிகளே, எனக்குத் தெரியாது என்றேன். இன்றுவரை தெரியவில்லை. அவர் என்னை மடக்கிவிட்டதாகச் சந்தோஷப்படவில்லை. "எனக்கும் இன்னைக்கு மனசு சரியில்லக்கா. நம்ம பிள்ளைக" என்று சொல்லிப் படியில் உட்கார்ந்தார்.

பிறகு சொன்னார்: "மனுவ நான் திருப்பி வாங்க மாட்டேன். ஆனா ஒங்க வேலைய எடுக்கணும்னு நான் எங்கயும் கேக்கல. அத எழுதித் தாரேன். இன்னைக்கு நடந்ததையும் எழுதுறேன். நீங்க சபையில சாட்சி சொல்லுவீகள்ல? சொல்லுங்க. மனுவையும் சேத்துச் சொல்லுங்க. பாதிய முழுங்கிறாதீக."

வாக்குக் கொடுத்தேன். சொன்னபடி அவர் எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் என்னை எச்சரித்து, கோப்பை முடித்துவிட்டார்கள். வேலை இருக்கிறது. மனு விஷயத்தை விட்டுவிட்டுச் சாட்சி சொன்னால் கேட்கிறவர்கள் குழம்ப மாட்டார்களே என்று போதகர் ஐயா அன்பாகத்தான் சொன்னார். குழப்பம் எனக்கே இருக்கும்போது உங்களுக்கு மட்டும் தெளிவாக எப்படிச் சொல்ல?

நான் அழுது கேட்டது அந்த மனிதரின் வாய் அடைபட வேண்டும் என்று. அது அடைபட்டிருந்தால் நான் பழையபடி கண்ணை மூடி நின்றிருப்பேன். பழக்கத்தில் சொன்ன அந்தக் கடைசி வரிதான் கேட்கப்பட்டிருக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வதென்று தெரியவில்லை. நன்றி சொல்ல மட்டும் தெரிகிறது.

இப்போது விடியற்காலையில் வீட்டில் ஜெபிக்கிறேன், பிள்ளைகள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி. மதியம் தட்டுகளைப் பார்க்கிறேன். போன வாரம் அழகர்சாமி தம்பியிடம், "ஒங்க பேரையும் சொல்லித்தான் ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். மறைத்துச் செய்ய மனமில்லை.

"அது ஒங்க வீட்டுக்குள்ள நடக்குறதுக்கா. அதுக்கு மனுப் போட எனக்கு எடமில்ல" என்றார்.

அன்பானவர்களே, தெளிவு வந்த பிறகு ஆண்டவரிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். கேள்வியோடே போங்கள். பதில் எந்த வழியாக, யார் கையால் வரவேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன், நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். இன்று மதியமும் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டுக் கை கழுவிப் போனார்கள். அதற்காக அவருக்கு ஸ்தோத்திரம்.