முலாஞ்சி மலையடியில் முடியாத கொழுந்து

முலாஞ்சி மலையடியில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகை என் பொறுப்பு. இரண்டு இலையும் மொட்டும் இருந்தால்தான் தராசில் ஏற்றுவேன். முற்றல் இலை கொண்டு வருகிறவர்களுக்கு என் வாய் என்றால் பயம்.

முசோவா எங்கள் ஊருக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். எங்களில் தோட்டம் பெண்ணுடையது. பிள்ளையில்லாமல் அவள் இறந்துபோனால், புருஷன் பாயைச் சுருட்டிக்கொண்டு தன் தாயின் ஊருக்குப் போய்விட வேண்டும். மழை ஓய்ந்த ஏப்ரலில் அவர் மனைவி எலுபி இறந்தாள். முடிவு சொல்ல வேண்டியவர் அவளுடைய தாய்மாமன் லிகோம்பா. அவர் ஈரமில்லாதவர் அல்ல.

"உடனே கெளம்புங்கன்னு யாரும் சொல்லல மாப்பிள்ளை. இந்தக் கொழுந்து முடியிற வரைக்கும் இருங்க" என்றார்.

ஜூனில் மலைக்கு அந்தப் பக்கமிருந்து சிப்பரோனிக் குளிர்காற்று வந்து இறங்கும். வாரக்கணக்கில் மூட்டமும் தூறலும்தான். ஊரே செடிகளைக் கவாத்து செய்துவிட்டு அடுப்படியில் ஒண்டிக்கொள்ளும். முசோவா மட்டும் கத்தியைத் தொடவில்லை. வெட்டினால் கொழுந்து முடிந்தது என்றாகிவிடும்.

மூட்டத்துக்குள் தனியாக நின்று பறித்தார். செடிக்கும் அவர்தான் மாப்பிள்ளை என்று கொட்டகையில் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கொழுந்தைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் தடதடவென்று வளரும் இலை மூட்டையை நிரப்பும், ருசி நிற்காது. குளிரில் மெல்ல மெல்ல வந்த இது, சின்னதாக, கைக்குள்ளேயே மணந்தது. நாளுக்கு இரண்டு கிலோ தேறினால் அதிகம். நல்லாயிருக்கு என்பேன். தலையாட்டுவார். அந்த நாட்களில் அவரோடு பேசியவள் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். தனியாளுக்குச் சோளமாவில் சீமா கிண்டினால் பாதி பானையிலேயே ஒட்டிக்கொள்கிறது என்று ஒருமுறை சொன்னார்.

அக்டோபர் வெயில் எல்லாவற்றையும் நிறுத்தியது. மொட்டு விடாமல் செடிகள் அப்படியே இறுகிப்போயின. மாதக் கடைசியில் ஒருநாள் லிகோம்பா கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். முசோவா கூடையைத் தராசுப் பக்கம் தள்ளினார். அடியில் ஒரு கைப்பிடி இலை, தொட்டால் தகரம்போல் இருந்தது.

தராசில் போட்டுவிட்டிருக்கலாம். இன்னும் பத்து நாளில் மழை வந்துவிடும், மழை வந்தால் புதுத்துளிர். போட்டிருந்தால் என்னை யார் கேட்கப்போகிறார்கள்?

"இது கொழுந்து இல்லண்ணே" என்றேன்.

"தெரியும்மா."

லிகோம்பா எழுந்து வெளியே போய் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். முசோவா கூடையைச் சுவரோரம் வைத்தார். வீட்டுப் பக்கம் திரும்பாமல், பாயைக்கூட எடுக்காமல், தன் தாயின் ஊருக்குப் போகும் பலோம்பே சாலையில் இறங்கி நடந்தார். நான் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அன்று அதில் எதுவுமே ஏறியிருக்கவில்லை.