சேலையூர் ஸ்டெனோ எடுத்த கடைசி டிக்டேஷன்

யக்ஞநாராயணன் முப்பத்தொரு வருஷம் ஸ்டெனோவாக இருந்தவர். ஏழு அதிகாரிகள் வந்து போனார்கள். அவர் நாற்காலி மட்டும் மாறவில்லை. சொன்னதை எழுதுவது, எழுதியதை டைப் அடிப்பது, அடித்ததைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது. இவ்வளவுதான் அவர் உத்தியோகம். அதிகாரி பாதி வாக்கியத்தில் இருமினால், இருமலுக்கு முன்னால் என்ன சொன்னார் என்று அவருக்கே எடுத்துக் கொடுப்பாராம். அப்படிப்பட்ட காது.

ஓய்வு பெற்றதும் சேலையூர் வீட்டில் கல்லூரிப் பிள்ளைகளின் ஆராய்ச்சிக் கட்டுரைகளை டைப் செய்து கொடுக்க ஆரம்பித்தார். மகன் பூனாவுக்கு வேலைக்குப் போகும்போது விட்டுச்சென்ற பழைய 386 கம்ப்யூட்டர் அதற்கு உதவியது. 96-ஆம் வருஷம் மே மாதம் அது மூச்சுமுட்டிப்போனது. ஹார்ட் டிஸ்கில் இனி ஒரு பக்கத்துக்குக்கூட இடமில்லை.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த எட்மண்ட் வந்து பார்த்தார்.

"புதுசு வாங்கிடுங்க சார். இது கெழவி."

"ஓடற வரைக்கும் ஓடட்டுமே, எட்மண்ட்."

மறுநாள் எட்மண்ட் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று, ஒரு சவுண்ட் கார்டு, இரண்டு குட்டி ஸ்பீக்கர்.

"யூஸ் பண்ணதுதான் சார். ஆனா உங்க மிஷினுக்கு நாலு வருஷம் இளசு. அனகாபுத்தூர்ல கனகவல்லின்னு ஒரு அம்மா, மொத்தமா எடுத்துகினு போயிடுன்னு குடுத்துட்டாங்க. அவங்களுக்குக் காது கேக்காது. காது கேக்காதவங்க சவுண்ட் கார்டு வச்சுகினு இன்னா பண்ணாங்கன்னுதான் தெரில."

பழைய டிஸ்கையும் புதிய டிஸ்கையும் ஒரே கேபிளில் மாட்டினார். மூன்று தடவை மிஷின் புதியதைத் தெரியாது என்று சாதித்தது. டிஸ்கின் முதுகில் ஜம்பர் என்ற குட்டிக் கிளிப்பைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகியபின் நான்காம் தடவை ஒப்புக்கொண்டது. "பழைய ஃபைல் ஏதோ கீது சார், அழிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு எட்மண்ட் ரயிலுக்கு ஓடினார்.

படிக்காமல் எதையும் அழித்துப் பழக்கமில்லாதவர் யக்ஞநாராயணன். டிஸ்கில் நாற்பத்தொரு ஃபைல்கள் இருந்தன. பெயர் கிடையாது, வெறும் எண்கள். அத்தனையும் போன வருஷத் தேதிகள், அத்தனையும் மத்தியானம் இரண்டரை மணிக்குப் பதிவானவை. ஒவ்வொன்றும் சரியாக ஒரு நிமிடச் சத்தம்.

முதல் ஃபைலைப் போட்டார். மின்விசிறி முனகியது. பக்கத்து வீட்டில் தறி ஓடியது. ஒரு காக்கை. பிறகு, தூரத்தில் எங்கோ, மூன்று தட்டல். அவ்வளவுதான்.

ஐந்தாவதில் தட்டல் தெருவுக்குள் வந்திருந்தது. பத்தாவதில் தட்டலுக்குப் பின்னால் ஒரு குரல் இருந்தது. அவர் தன்னையறியாமல் பென்சிலை எடுத்துச் சுருக்கெழுத்தில் குறிக்கத் தொடங்கினார். இருபதாவதில் ஒரு பெண்குரல் என்று தெரிந்தது. முப்பதாவதில் வார்த்தைகள் புரிந்தன.

"கனகு, கதவத் தொற. நாந்தான். மழ வருது."

மழைச் சத்தம் எதுவும் அதில் இல்லை. காய்ந்த வெயில் காலத்துக் காக்கை கத்திக்கொண்டிருந்தது. தறி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி ஃபைல் வரை அதே வார்த்தைகள், அதே இடைவெளி. நாற்பத்தொன்றில் தட்டல் இல்லை. குரல் மைக்குக்கு ஒரு முழம் தள்ளி, அறைக்கு உள்ளே இருந்தது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

மனைவி காமு சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஏன்னா, யார் வந்திருக்கா? உள்ள கூப்பிடாம நிக்க வச்சுண்டு."

"யாரும் வரலை."

அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அதை அணைங்கோ" என்றாள்.

இரண்டு நாள் அவர் அந்தக் குறிப்பைத் திருப்பித் திருப்பிப் படித்தார். மூன்றாம் நாள் ஒரு தாளில் சுத்தமாக டைப் அடித்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பல்லாவரத்தில் பஸ் மாறி அனகாபுத்தூருக்குப் போனார்.

எட்மண்ட் சொன்ன அடையாளப்படி, ஆற்றிலிருந்து ஏறிவரும் ஒடுக்கமான சந்தில், தகரக்கதவு போட்ட மேட்டு வீடு. பக்கத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அதே தறி. கையைத் தூக்கிக் கதவைத் தட்டப் போனவர் தட்டாமல் நின்றுவிட்டார். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்.

கனகவல்லிக்கு நாற்பது வயதிருக்கும். வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு விலாசப் பட்டியல் அடித்துக் கொடுத்து வந்தவர். "எழுதிக் காட்டுங்க சார்" என்று நோட்டை நீட்டினார். காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரல். யக்ஞநாராயணன் டிஸ்க் விஷயத்தை எழுதினார். படித்துவிட்டு அந்த அம்மாள் தகரக்கதவைக் காட்டினார்.

"மத்தியானத்துல இந்தக் கதவுல முதுக சாச்சுகினு ஒக்காருவேன் சார். யாரோ தட்டற மாதிரி அதிரும். தொறந்தா ஆளு கிடையாது. வெளிய சொன்னா பைத்தியம்னுவாங்க. கம்ப்யூட்டர் வாங்கும்போது அந்தக் கார்டும் மைக்கும் கூடவே வந்துச்சி. அதுல சத்தம் வந்தா ஸ்கிரீன்ல பச்சைக் கோடு துள்ளும், இல்ல? எனுக்குக் கேக்காது, ஆனா பாக்க முடியும். ரெண்டரைக்குத்தான் அதிரும், தெனம் அந்த நேரத்துல பதிஞ்சேன். கோடு துள்ளிச்சி. தெனம் தெனம் பெருசாச்சி. கடசியா ஒரு நாள் கதவு அதிரவே இல்ல. ஆனா கோடு ஸ்கிரீன் முட்ட நின்னுச்சி. அன்னிக்குப் பயந்துட்டேன். எல்லாத்தையும் எடுத்துகினு போயிடுன்னு குடுத்துட்டேன்."

யக்ஞநாராயணன் எழுதினார்: "உங்களைக் கனகு என்று கூப்பிடுவது யார்?"

அந்த எழுத்தைப் பார்த்ததும் கனகவல்லியின் விரல் நோட்டின் மேல் அப்படியே நின்றது.

"எங்க அக்கா, பேபி. வேற யாரும் கூப்ட மாட்டாங்க. எனுக்கு டி.பி. வந்தப்ப, புள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்னு அவ வூட்டுக்குள்ள சேக்கல. வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்பிட்டா. அப்புறம் பேச்சுவார்த்தை இல்ல. போட்ட ஊசியில என் உசுரு பொழச்சிது, காது போச்சி. அது அவளுக்குத் தெரியாது. எண்பத்தஞ்சு வெள்ளத்துல அவ செத்துப் பூட்டா. அவ வூடு ஆத்தோரம். புள்ளைங்கள மாமியார்கிட்ட அனுப்பிட்டு அவ மட்டும் இருந்தா. என் வூடு மேடு. இங்க வந்திருந்தா பொழச்சிருப்பா. அந்த நெலமையிலயும் வீம்பு புடிச்சவ, வரல பாரு சார். பத்து வருஷமா அத நெனச்சித்தான் வயிறு எரியுது."

யக்ஞநாராயணனின் கை சட்டைப் பையின் மேல் இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு டிக்டேஷனில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. மழை என்ற அந்த ஒரு வார்த்தையை. அது இல்லாவிட்டால் யாரோ ஒருத்தி ஏதோ ஒரு மத்தியானம் கூப்பிட்டதாக இருந்துவிட்டுப் போகும்.

"அதுல இன்னா சொல்லுது சார்? மறைக்காம சொல்லுங்க."

அவர் தாளை எடுத்துக் கொடுத்தார்.

கனகவல்லி ஒரு வரியை வெகுநேரம் படித்தார். பிறகு கதவைப் பார்த்தார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"வந்திருக்கா" என்றார். இப்போது குரல் மிகச் சின்னதாகிவிட்டது. "வந்து தட்டியிருக்கா. நான் உள்ள படுத்திருக்கேன். கேட்டும் வேணும்னே தொறக்கலன்னு நெனச்சிருப்பா."

கனகவல்லி நோட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"கோவமா சொன்னாளா சார்?"

இதற்கு அவரால் பதில் சொல்ல முடிந்தது. நாற்பத்தொரு ஃபைலையும் கேட்டவர். "இல்லை. சாதாரணமாகத்தான். வீட்டு மனுஷி வந்து கூப்பிடுவது போல" என்று எழுதினார். அது உண்மை. ஒரு எழுத்துக்கூட அவர் சேர்க்கவில்லை.

டிஸ்கைத் திருப்பித் தருவதாகச் சொன்னதற்கு, "எனுக்கு இன்னாத்துக்கு? நான் கேக்கவா போறேன்? நீங்களே வச்சுக்குங்க" என்றுவிட்டார் கனகவல்லி. காமுவுக்கு அது பிடிக்கவில்லை. அந்த ஃபைல்களை அழித்தால்தான் அந்த அறைக்குள் கால் வைப்பேன் என்றாள். அவர் அழிக்கவில்லை. கட்டுரைகளை மீதி இடத்தில் வைத்துக்கொண்டார். டைப் செய்யும்போது ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கிவிடுவார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் திருநீர்மலைக் கோயிலுக்குப் போனவர், திரும்பும் வழியில் அனகாபுத்தூரில் இறங்கினார். மணி இரண்டரை ஆகப்போகிறது. தகரக்கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்திருந்தது. மூடாதபடி அடியில் செங்கல் முட்டுக்கொடுத்திருந்தது. கனகவல்லி எதிர்ச்சுவரில் சாய்ந்து வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். போன தடவையைவிட முகம் தெளிந்திருந்தது.

"வாங்க சார்" என்று சிரித்தார்.

வெயிலில் வந்த களைப்பில், கதவோரம் விரித்திருந்த பாயில் அவர் உட்காரப் போனார்.

"அங்க வாணாம் சார்" என்றார் கனகவல்லி, சட்டென்று, ஆனால் பதற்றமில்லாமல். "இப்பிடி வாங்க. இந்தப் பக்கம்."

அவர் குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார். பாயின் ஓரமாகச் சுற்றி நடந்து, ஜன்னலடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.