தீரு நகரத்தைப் பாடமாக்கிய கதை

பிள்ளைகளே, மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு பழைய துறைமுக நகரம் இருக்கிறது. எங்கள் கோயில் பைபிள் வாசிப்புகளில் அதற்குத் தீரு என்று பெயர். அங்கேயே வாழ்கிறவர்களுக்கு அது சூர். பாறை என்று பொருளாம். முன்பு அது கடலுக்குள் ஒரு பாறைத் தீவாகத்தான் இருந்தது.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, புலம்பெயர்ந்து மோர்டென்ஸ்ருட் என்ற வெளிநாட்டு ஊரில் நாங்கள் இருந்தபோது, ஐந்தாம் வகுப்பில் படித்த என் மகள் அந்த நகரத்தைப் பற்றி வகுப்பில் பேச வேண்டியிருந்தது. நூலகப் புத்தகத்திலிருந்த இரண்டு பக்கத்தையும் சொல் பிசகாமல் பாடமாக்க வைத்தேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் அப்படித்தான்.

“டீச்சர் சொந்த வசனத்திலை சொல்லச் சொன்னவ, அப்பா.”

“புத்தகம் எழுதினவனைவிட வடிவாக் கதைக்கப் போறியளோ? முதலிலை இருந்து சொல்லுங்கோ.”

நாலு நாள் இப்படிப் போனது. சாப்பிடும்போதும் விடவில்லை.

பெற்றோரும் வரலாம் என்றதால் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். அவள் தடங்காமல் சொன்னாள். கடல் நத்தையிலிருந்து ஊதாச் சாயம் எடுத்து விற்ற வணிகர்கள், படையோடு வந்த அலெக்சாண்டர், தீவை எட்டுவதற்காக அவன் கடலுக்குள் கல்லும் மண்ணும் கொட்டித் தெரு போட்டது, நகரம் விழுந்தது, அதன்பின் அது தீவாக இல்லாமல் போனது.

வகுப்பில் ஒரு பெண்பிள்ளை கையைத் தூக்கினாள். தெருவை உடைத்துவிட்டால் அது திரும்பவும் தீவுதானே என்று கேட்டாள்.

அந்த இரண்டு பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. என் மகள் என்னைப் பார்த்தாள். பிறகு முதல் வசனத்திலிருந்து மறுபடியும் ஒப்பிக்கத் தொடங்கினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த கிழமை இன்னொரு தரம் சொல்லலாம் என்று டீச்சர் அவளை இருத்திவிட்டார்.

எனக்குப் பதில் தெரியும். யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலின் நடுவே போகும் தெருவின் ஓரங்களில் மணலும் சேறும் ஒதுங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அலெக்சாண்டரின் தெருவிலும் நூற்றாண்டுக் கணக்கில் அப்படி மணல் ஒதுங்கித்தான் தீவு கரையோடு ஒட்டியது; இனித் தெருவை உடைத்தாலும் அது தீவாகாது. இதை பஸ்ஸில் வரும்போதுதான் அவளுக்குச் சொன்னேன்.

“தெரியுமெண்டால் ஏன் முதலே சொல்லேல்லை?”

“புத்தகத்திலை இல்லை, பிள்ளை.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அடுத்த கிழமை நீங்கள் வர வேண்டாம்.”

ஓம் என்றேன். என்மேல் வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

அந்த நாள் வந்தபோது வேலையிடத்தில் ஒரே மாடியை இரண்டு தரம் கழுவினேன். பின்னேரம் அவளிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“சொன்னனான்,” என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தையும் எனக்குக் கிடைக்கவில்லை.